சிவப்பாகத் தெரிந்த சவுக்குத் தோப்பு

“இன்னாமா இது, எங்க நெலம் மட்டும் இப்டி செவப்பா கீது? கவர்மென்ட்டுல எடுத்துக்கப் போறாங்களா?”

லேப்டாப்பை எட்டிப் பார்த்துவிட்டு ஏழுமலை இப்படிக் கேட்டபோது அவர் முகத்தில் நிஜமான பயம் இருந்தது. கையில் பாதி டீ மிச்சமிருந்த டம்ளர்.

லேப்டாப் இருந்தது என் ஸ்கூட்டர் சீட்டின் மேல். ஸ்கூட்டர் நின்றது வில்லியனூருக்கு மேற்கே, ஓர் ஏரியை ஒட்டிய சவுக்குத் தோப்பின் ஓரத்தில். எந்த ஊர், எந்த ஏரி என்று எழுதப்போவதில்லை. எழுதினால் வருகிற ஞாயிற்றுக்கிழமையே அங்கே நாலு பைக் போய் நிற்கும். மூன்றில் கேமரா இருக்கும். ஒன்றில் வேட்டை வலை இருக்கும்... அந்த ஒன்றுக்காகத்தான் சொல்லாமல் விடுகிறேன்.

இது நடந்தது ஐப்பசி தொடக்கத்தில். எப்படி முடிந்தது என்பது போன வாரம்தான் தெரிந்தது. அதனால் இப்போது எழுதுகிறேன்.

ஏழுமலைக்கு அறுபது வயதிருக்கும். கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு, ஏரியோரமாக இந்தச் சவுக்கு. லேப்டாப்புக்குச் சொந்தக்காரர் ஜெயந்தி. எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறார். காலேஜில் புவியியல் நடத்திக்கொண்டே, நாற்பது வயதுக்கு மேல் பிஎச்.டி. பண்ணுகிறார். சாட்டிலைட் படங்களை வைத்துக்கொண்டு, இந்தப் பக்கத்தில் மிச்சமிருக்கும் புள்ளிமான்கள் எங்கே வாழ்கின்றன, இனிமேல் எங்கே வாழ முடியும் என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

நான் அங்கே எதற்கு? அவருடைய வண்டி சர்வீஸுக்குப் போயிருந்தது. அன்றைக்கு நான் டிரைவர்.

“ஐயா, பயப்படாதீங்க. இது நிஜக் கலர் இல்ல” என்றார் ஜெயந்தி. “உயிரோட இருக்குற இலை, நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை நெறைய திருப்பி அனுப்பும். சாட்டிலைட் அதைப் புடிச்சிடும். நமக்குத் தெரியணுமேன்னு அதுக்கு சிவப்பு கலர் கொடுத்திருக்காங்க. எவ்வளவு சிவப்போ அவ்வளவு செழிப்பு.”

“அப்ப செவப்பா இருந்தா நல்லதா?”

“நல்லதுதான்.”

“அத்த மொதல்ல சொல்ல வேணாமா?” என்று சொல்லிவிட்டுத்தான் மீதி டீயைக் குடித்தார்.

அவரைப் பார்த்துச் சிரிக்கும் தகுதி எனக்கு இல்லை. ஜெயந்தி முதன்முதலில் அந்தப் படங்களைக் காட்டியபோது, “கொஞ்சம் ஜூம் பண்ணுங்க, மான் தெரியட்டும்” என்று கேட்டவள் நான். அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். மொத்த மந்தையும் வந்து நின்றாலும் தெரியாது.

“மான் தெரியாது அக்கா. மானுக்கு வேண்டியது தெரியும்” என்றார் அப்போது.

அப்படி என்ன வேண்டும் மானுக்கு? பகலில் ஒளிந்துகொள்ள அடர்த்தியான இடம். பக்கத்தில் தண்ணீர். மேய்வதற்குப் புல். மனிதர்களும் நாய்களும் அடிக்கடி வராத தூரம். இத்தனையும் ஒன்றாக எங்கே இருக்கிறது என்று ஏரி ஏரியாக, தோப்பு தோப்பாகத் தேடிக்கொண்டிருந்தார்.

அந்தப் படங்களில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. எல்லைக் கோடே கிடையாது. நம் ஊரில் ஒரே தெருவின் இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு என்று இருக்கும். எங்கே எது முடிகிறது என்பதைச் சாராயக் கடையை வைத்துத்தான் பலபேர் கண்டுபிடிக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் அந்தக் குழப்பம் இல்லை. வயல், ஏரி, தோப்பு, மறுபடியும் வயல்... அவ்வளவுதான்.

அப்படி மேலிருந்து பார்த்துத்தான் இந்த இடத்தை ஜெயந்தி கண்டுபிடித்தார். மூன்று வருடப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்திருக்கிறார். சுற்றிலும் வயல்கள் அறுப்புக்கு அறுப்பு நிறம் மாறுகின்றன. ஏரியோரத்தில் இந்த ஒரு துண்டு மட்டும் கோடையிலும் மழையிலும் சிவப்பு மாறவில்லை. காடு என்று முடிவு செய்தார். ‘மான்களுக்கு நிரந்தரப் புகலிடம்’ என்று வரைபடத்தில் குறித்தார். ஒரு அத்தியாயமே எழுதிவிட்டார். சும்மா ஒருதரம் நேரில் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் என்னைக் கூப்பிட்டார்.

வந்து பார்த்தால் சவுக்கு. கயிறு பிடித்து நட்டது போல வரிசை வரிசையாக.

“காடா?” ஏழுமலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நா வச்ச சவுக்குமா இது! அஞ்சு வருசம் ஆவுது. திங்கக்கெழம வெட்டுறோம்.”

அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

ஜெயந்தி தோப்புக்குள் நாலு வரிசை தள்ளிப் போய்க் குனிந்து பார்த்தார். உதிர்ந்த சவுக்கு மிலாறுக் குச்சிகளுக்கு நடுவே ஈரமண்ணில் இரண்டாகப் பிளந்த குளம்புத் தடங்கள். பக்கத்திலேயே புழுக்கை. ஒரு மரத்தில் இடுப்பு உயரத்தில் பட்டை உரிந்து வழவழவென்றிருந்தது. கொம்பைத் தேய்த்த இடம்.

“ஐயா, இங்க மான் வருதா?”

“மானா?” ஏழுமலை வேறு பக்கம் பார்த்தார். “மான்லாம் இங்க ஏதுமா. முயலு வரும், கீரி வரும்.”

“அப்ப இந்தத் தடம்?”

“ஆடு.”

அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் சிரித்தார். அவர் பெயர் அஞ்சலை. காட்டேரிக்குப்பத்துக்காரர். மரம் வெட்டும் ஆட்களுக்குத் தலைவி அவர்தான். திங்கட்கிழமை வேலைக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று பார்ப்பதற்காகத் தோப்பைச் சுற்றிவிட்டு வந்திருந்தார்.

“இன்னாண்ணா ஆடுன்ற? போன வாரம் நீதான எங்கிட்ட சொன்ன, மானு வந்து உளுந்தெல்லாம் மேஞ்சிட்டுப் பூடுச்சின்னு?”

ஏழுமலைக்குக் கோபம் வந்தது. அஞ்சலை மேல் இல்லை, ஜெயந்தி மேல்.

“ஆமாம்மா, வருது. அஞ்சு உருப்படி. ஒரு கெடா, மூணு பொட்ட, ஒரு குட்டி. போதுமா? இப்ப இன்னா பண்ணப்போற? போனப் போட்டு வெட்டக் கூடாதுன்னு நிறுத்திடுவியா? தை மாசம் எம் பையனுக்குக் கல்யாணம். வூடு லிண்டலோட நிக்குது. இந்த மரம் லாரி ஏறுனாதான் எனக்கு ரூஃப்பு. மானு கீதுன்னு சொன்னா நாலு ஆபீசரு வருவாங்க, நாப்பது கேள்வி கேப்பாங்க. அதான் இல்லன்னேன்.”

அப்போதுதான் கவனித்தேன்... ஜெயந்தியின் கையில் போன் இருந்தது. யாருக்காவது பேசப்போகிறாரோ என்று எனக்குமே ஒரு கணம் தோன்றியது. ஏழுமலையும் அந்தப் போனையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெயந்தி போனைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

“நான் நிறுத்தலைங்க ஐயா. இது உங்க மரம். ஆனா ஒண்ணு சொல்லுங்க. எந்தப் பக்கத்துலேர்ந்து வெட்டப்போறீங்க?”

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. ஏழுமலையும்தான்.

அஞ்சலைதான் பதில் சொன்னார். “ஏரிப் பக்கந்தான் மொதல்ல. அங்க பள்ளம். ஒரு மழ புடிச்சிச்சின்னா டிராக்டரு எறங்காது. அத்த முடிச்சிட்டு ரோட்டுப் பக்கம் வருவோம். இது மேடு, எப்ப வேணா வெட்டலாம்.”

சரியான கணக்குதான். வானமும் இரண்டு நாளாக மூட்டமாக இருந்தது.

ஜெயந்தி லேப்டாப்பை அஞ்சலை பக்கம் திருப்பினார். “இந்தக் கறுப்பு, ஏரி. ஏரிக்கு அந்தாண்ட கரையில ஒரு சிவப்பு தெரியுது பாருங்க, அது என்ன? இதையும் நான் காடுன்னுதான் எழுதி வச்சிருக்கேன்.”

அஞ்சலை இடுப்பில் கைவைத்துக் குனிந்து பார்த்தார். “சீமக்கருவ. ஒரே முள்ளு. மனுசன் பூர முடியாது.”

“இந்தப் பக்கம்?”

“ரோடு. ரோட்டுக்கு அப்பால தெரு. தெருவு பூரா நாயி...”

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். திரையில் இருந்த ஏரியையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஏழுமலையிடம் திரும்பினார்.

“ண்ணா, ஏரிப் பக்கத்துலேர்ந்து நாம வெட்டிகினே வந்தா, அதுங்களுக்கு ரோடுதாண்ணா வழி. நேரா நாயி வாயிலதான் போயி வுழும்.”

ஏழுமலை தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார். மறுபடியும் கட்டினார். “பாக்கலாம்” என்றார்.

நம் ஊரில் ‘பார்க்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். திரும்பி வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜெயந்தியின் போன் அடித்தது. ஏழுமலை. ஸ்பீக்கரில் போட்டார்.

“ரோட்டுப் பக்கமே மொதல்ல வெட்டச் சொல்லிட்டேன். மழ வந்து பள்ளத்துல என் மரம் நின்னுச்சின்னா, உன் சாட்லைட்டா வந்து தூக்கும்?”

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கட் பண்ணிவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் இரண்டு பேரும் போனோம். அஞ்சலையின் ஆட்கள் மினி வேனில் வந்து இறங்கியிருந்தார்கள். இன்னொரு விஷயம் அங்கே போன பிறகுதான் தெரிந்தது. விடிந்ததும் ஏழுமலை தெருவில் வீடு வீடாகப் போய், மூன்று நாளைக்கு நாயைக் கட்டிப்போடச் சொல்லியிருக்கிறார். வீட்டு நாய்களைக் கட்டிவிட்டார்கள். தெரு நாய்களை யார் கட்டுவது?

மெஷின் ரம்பத்தின் சத்தம் கேட்ட கொஞ்ச நேரத்தில், எல்லாரும் நினைத்ததற்கு நேர் எதிராக, அந்தக் கிடா மான் ரோட்டுப் பக்கம் பாய்ந்தது.

ஏன் அந்தப் பக்கம்? தெரியவில்லை. படத்தை ஜெயந்தி பார்த்தார், அஞ்சலை பார்த்தார். மான் பார்க்கவில்லையே. ரம்பத்துக்கும் மினி வேனுக்கும் நடுவில் ஒரே தாவு. ரோட்டைத் தாண்டித் தெருவை ஒட்டிய கழனியில் இறங்கியது. எங்கிருந்தோ நாலு நாய்கள் கிளம்பின.

நானும் ஜெயந்தியும் கத்தினோம். கத்த மட்டும்தான் செய்தோம். ஓடியவர் ஏழுமலை. அறுபது வயதில், சேற்று வரப்பில், கையில் ஒரு சவுக்குக் கழியோடு. “டேய்! டேய்!” என்று அவர் போட்ட சத்தம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. நாய்களை விரட்டிவிட்டார். ஆனால் அதற்குள் மானின் பின்னங்காலையும் வயிற்றையும் கடித்திருந்தன. அது எழுந்திருக்கப் பார்த்தது. முடியவில்லை.

வனத்துறைக்குப் போன் பண்ணினோம். யாருக்குச் சொல்லக் கூடாது என்று பயந்தாரோ, அவர்களுக்கே எந்த வழியில் வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார் ஏழுமலை. அவர்கள் வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்வரை பக்கத்திலேயே குந்திக்கொண்டிருந்தார். வெட்டவா வேண்டாமா என்று அஞ்சலை வந்து கேட்டபோது, ‘வெட்டு’ என்பது போலக் கையை ஆட்டினார்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மேல், தோப்பில் பாதி விழுந்திருந்தது. மீதித் தோப்பின் ஏரி முனையில் பெட்டை மான்கள் வந்து நின்றன. முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று. ஏரியில் தண்ணீர் குறைவு. கரையோரமாகவே நடந்து, ஓடாமல், நிதானமாக அந்தப் பக்கத்து முள்ளுக்குள் போய்விட்டன. அவ்வளவு பெரிய உயிர், முள்ளுக்குள் நுழைந்ததும் சட்டென்று இல்லாமல் போவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மூன்றாவது மான் பாதிக் கரை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தது. தோப்பின் முனையில் நின்று காதை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டே இருந்தது.

“குட்டி உள்ள படுத்துகினு கீது” என்றார் அஞ்சலை. “சத்தத்துக்குப் பயந்து எழுந்திருக்காம கெடக்கும்.” திரும்பி ஆட்களைப் பார்த்து, “மெசினை நிறுத்துங்கடா! எல்லாம் போயி சோறு துன்னுங்க” என்றார்.

“மணி பதினொண்ணு கூட ஆவல, அதுக்குள்ளயா?” என்றார் ஒருத்தர்.

“பசிக்கும். போ.”

ரோட்டோரமாகப் போய் எல்லாரும் உட்கார்ந்தோம். ஏழுமலை மட்டும் அடிக்கடி வானத்தைப் பார்த்தார். மேற்கே நன்றாகக் கறுத்திருந்தது. ரம்பம் நின்றிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவருடைய நிமிடம். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அஞ்சலை மெஷினை எடுத்திருப்பார். அவர் சொல்லவில்லை.

முக்கால் மணி நேரம் இருக்கும். தாய்க்குப் பின்னால் ஒரு சின்ன உருவம் கரையில் போவது தெரிந்தது. அஞ்சலை டிபன் பாக்ஸை மூடினார். “எழுந்திரிங்க, வேலயப் பாக்கலாம்.”

இங்கேயே நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் புதன்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது.

ஏழுமலை சொன்னது அப்படியே நடந்தது. பள்ளத்துப் பக்கம் மூன்றில் ஒரு பங்கு மரம் அப்படியே நின்றுவிட்டது. சுற்றி முழங்கால் தண்ணீர். டிராக்டரும் இறங்காது, ஆளும் இறங்க முடியாது. ஏரிப் பக்கம் முதலில் வெட்டியிருந்தால் மேட்டில் இருந்த மரங்களை மழைக்கு நடுவிலும் எடுத்திருக்கலாம். வீட்டு ரூஃப் வேலை நின்றது.

வண்டியில் ஏற்றிப் போன கிடா மானும் பிழைக்கவில்லை. அது எப்படியிருக்கிறது என்று ஏழுமலை ஜெயந்திக்கு இரண்டு தடவை போன் செய்தார். இரண்டாவது தடவை ஜெயந்தி உண்மையைச் சொன்னார். “ம்” என்று வைத்துவிட்டார். பிறகு போன் இல்லை.

தீபாவளி முடிந்த கையோடு, மனசு கேட்காமல் ஜெயந்தி அவர் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். ரூஃப் இல்லாத சுவருக்குள் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. ஏழுமலை ஒரு பக்கெட்டால் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார்.

“என்னாலதான் ஐயா உங்களுக்கு இந்தக் கஷ்டம். மன்னிச்சிடுங்க” என்றார் ஜெயந்தி.

ஏழுமலை பக்கெட்டைக் கீழே வைக்கவில்லை. “நீ சொன்னதுக்காவ ஒண்ணும் நா அப்டி வெட்டல. எனக்குத் தோணுச்சி, வெட்டுனேன்.” இன்னொரு பக்கெட் மொண்டார். “ஆனா ஒண்ணும்மா. காடுன்னு எழுதறதுக்கு முன்ன எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? நாங்க இங்கதான கீறோம்?”



வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஜெயந்தி அழுதுகொண்டு வந்தார் என்று நினைக்கிறேன். திரும்பிப் பார்க்கவில்லை.

கார்த்திகை முழுக்க அவருடைய சாட்டிலைட் படங்களில் மேகம்தான். வெள்ளைப் பஞ்சு. அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்று எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லாது. ஜெயந்தி சும்மா இருக்கவில்லை. லீவு நாளில் எல்லாம் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பாகூர் பக்கம் ஒரு நாள், மதகடிப்பட்டைத் தாண்டி ஒரு நாள். தான் காடு என்று குறித்த இடங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய், “இது யாருது? எப்ப வச்சீங்க? எப்ப வெட்டுவீங்க? மான் வருதா?” என்று கேட்டுவிட்டு வந்தார். பல இடம் சவுக்கு. ஓர் இடம் முந்திரித் தோப்பு. ஓர் இடத்தில் நிஜமாகவே புதர்க்காடு இருந்தது. அங்கே மான் மட்டும் இல்லை! அன்றைக்கு இரவு சாப்பாட்டின்போது, பல வாரத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

போன வாரம் ஏழுமலையின் பையனுக்குக் கல்யாணம். எங்களுக்கும் பத்திரிகை வந்திருந்தது. ரூஃப் இன்னும் போடவில்லை. லிண்டலுக்கு மேல் தகர ஷீட் போட்டு, உள்ளே பந்தல் துணி கட்டி மறைத்திருந்தார்கள். அந்த வீட்டுக்குள்தான் பொண்ணு விளக்கேற்றியது. மணப்பெண் முகத்தில் குறை எதுவும் தெரியவில்லை. ஏழுமலை முகத்தில் இருந்தது. வந்தவர்களிடமெல்லாம், கேட்காமலேயே, “தண்ணி வத்துனதும் மரம் வெட்டிடுவோம், சித்திரைக்குள்ள ரூஃப்பு போட்டுடுவோம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்களைப் பார்த்ததும் நேராக ஜெயந்தியிடம் வந்தார்.

“சாப்ட்டியாம்மா?”

“இன்னும் இல்லைங்க ஐயா.”

“மொதல்ல சாப்புடு. சாயங்காலம் இருந்தின்னா ஏரிக்கரைக்கு வா. குட்டி பெருசாயிடுச்சி.”

சாயங்காலம் வரை இருந்தோம். மான்கள் அன்றைக்கு வரவில்லை. அதற்காக ஏழுமலைதான் வருத்தப்பட்டார்.

இரண்டு நாள் கழித்து, ஜெயந்தி புது வரைபடத்தைத் தன் கைடிடம் கொண்டுபோனார். ஒரு அத்தியாயத்தை முழுதாகக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடியும் வரைந்தது. காட்டுக்கு ஒரு நிறம், தோப்புக்கு ஒரு நிறம், ஏரிக்கு ஒரு நிறம். எல்லாவற்றுக்கும் கீழே குறிப்பு இருந்தது. மஞ்சளாக ஆறேழு துண்டுகள் இருந்தன. அதற்கு மட்டும் குறிப்பு இல்லை.

கைடு கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டாராம். “இந்த மஞ்சள் என்ன மேடம்? எந்த வகை நிலம்?”

“தெரியாது சார். அங்கெல்லாம் நான் இன்னும் போய்க் கேக்கல.”

இப்படிப் பதில் சொன்னால் பிஎச்.டி. கிடைக்குமா என்று ஜெயந்திக்குக் கவலை. என்னைக் கேட்டால்... இந்த ஒரு பதிலுக்கே கொடுத்துவிடலாம்.